5ஆம் தேதி தவறு, 15ஆம் தேதி சரி

கண் மருத்துவமனை ஒன்றுக்கு மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் முன்பதிவுப் படிவம் செய்து கொடுத்தேன். மருத்துவரையும் தேதியையும் தேர்ந்தெடுத்தால், அன்றைக்கு எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள் என்று ஒரு பெட்டி காட்ட வேண்டும். நிபந்தனைக்குப் பொருந்தும் பதிவுகளை எண்ணித் தரும் டிகவுண்ட் (DCount) சார்பு போதும் என்று நினைத்தேன்.

முதலில் பிழைச் செய்தி வந்தது. 'மீ' (Me, அதாவது இந்தப் படிவம்) என்று தொடங்கும் பெட்டிப் பெயரை டிகவுண்ட் நிபந்தனையின் மேற்கோளுக்குள்ளேயே எழுதியிருந்தேன். அங்கே அது அக்சஸுக்குப் புரியாது. மேற்கோளை மூடி, & போட்டு மதிப்பை ஒட்டினேன். பிழை போனது, ஆனால் எண்ணிக்கை எப்போதும் 0. தேதியைச் சுற்றி # இல்லாததால் 5/3/2024 என்பதை அக்சஸ் வகுத்தல் கணக்காக எடுத்துக்கொண்டிருக்கிறது!

சரி, # போட்டேன். அப்புறம்தான் உண்மையான தலைவலி. 13ஆம் தேதி முதல் எல்லாம் சரி. 1 முதல் 12 வரை தவறு. கணினியில் நாள் முதலில் வரும்படி அமைத்திருந்தாலும், # குறிகளுக்குள் அக்சஸ் மாதத்தையே முதலில் படிக்கும். மார்ச் 5 மே 3 ஆகிவிடும். 13 மாதமாக இருக்க முடியாதென்பதால் அங்கே மட்டும் தானே மாற்றிக்கொள்கிறது. பிழைச் செய்தியே வராததால் இது மிக ஆபத்தானது.

ஃபார்மட் சார்பால் தேதியை மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் மாற்றி ஒட்டியதும் தீர்ந்தது. மருத்துவர் பெட்டி காலியாக இருந்தால் நிபந்தனை அறுந்துபோகும். அதற்கு, காலி மதிப்புக்குப் பதிலாக வேறொன்றைத் தரும் என்இசட் (Nz) சார்பில் 0 கொடுத்தேன். இரண்டு பெட்டிகளிலும் மதிப்பு மாறியதும் நடக்கும் ஆஃப்டர் அப்டேட் நிகழ்வில் இந்த எண்ணிக்கையையே அழைக்கிறேன்.