தாலிக்கு முன் கையெழுத்து: டர்பனில் மணமுடிக்கும் இருவருக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கல்யாணம் பேசும் வீடுகளில் சூடு பறப்பது தாலி, மெட்டி, குடும்பப் பெயர் ஆகிய மூன்றில்தான். தாலி அடிமைச் சின்னம் என்று தோழி சொல்வாள். என் கழுத்து, என் விருப்பம் என்பாள் மணப்பெண். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் பிடிக்காவிட்டால் தாலியை நாளைக்கே கழற்றி வைத்துவிடலாம், கணவன் மனைவி சொத்து யாருக்கு எப்படி என்ற சொத்து முறையை அப்படிக் கழற்ற முடியாது. ஆகவே எளிதில் மாற்ற முடியாததை முதலில் பேசி முடியுங்கள்.

முதல் வேலை, மணவறையில் உட்காரப்போகும் ஐயரிடம் ஒரு கேள்வி கேட்பது: அரசு நியமித்த திருமண அலுவலர்தானா? இல்லையென்றால், எத்தனை பேர் அட்சதை போட்டாலும் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி அது கல்யாணம் ஆகாது. ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) தனியாகப் பதிவுத் திருமணம் செய்ய வேண்டும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். இது இங்கே பழைய புண். 1913இல் நீதிபதி சர்ல் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் செல்லாது என்றார். அந்தத் தீர்ப்பும், ஒப்பந்தக் காலம் முடிந்தும் இங்கேயே தங்கிய இந்தியத் தொழிலாளர் மீதான மூன்று பவுன் வரியும் கிளப்பிய போராட்டத்தில்தான் தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, 1914 பிப்ரவரியில் இறந்தார். இந்துச் சடங்கு மட்டும் செய்த மனைவிக்கும் கணவர் சொத்தில் வாரிசுரிமை உண்டு என்று 2008இல் டர்பன் உயர் நீதிமன்றம் சொன்னது ஓர் ஆறுதல். ஆனால் ஒவ்வொரு உரிமைக்கும் வழக்காடித்தானா வாங்குவது?

அடுத்தது சொத்து. இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ஒன்றும் எழுதாமல் மணந்தால் எல்லாம் பொதுச் சொத்து, கடன் உட்பட. அவர் கடை நொடித்தால் அவள் சம்பளத்தில் வாங்கிய வீட்டுக்கும் கடன்காரர் வருவார். வேண்டாமென்றால், கல்யாணத்துக்கு முன்பே நோட்டரி முன் ஏ.என்.சி. எனும் திருமணத்துக்கு முந்தைய சொத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, மூன்று மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதிய வேண்டும். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது.

ஏ.என்.சி. போட்டாலே அவரவர் சொத்து அவரவருக்கு என்று நினைப்பது பரவலான தவறு. 1984 நவம்பர் முதல், வேண்டாமென்று வெளிப்படையாக எழுதாவிட்டால் ‘அக்ரூவல்’ முறை, அதாவது மணவாழ்வில் இருவர் சொத்தும் வளர்ந்த அளவைப் பிரிவிலோ மரணத்திலோ பகிர்வது, தானாகவே சேரும். கணக்கு இப்படி: அவர் 2,00,000 ராண்டோடு தொடங்கி 14,00,000க்கு வந்தார், வளர்ச்சி 12,00,000. அவள் ஒன்றுமில்லாமல் தொடங்கி 3,00,000 சேர்த்தாள். வித்தியாசம் 9,00,000, அதில் பாதியான 4,50,000 அவளுக்கு. (தொடக்கத் தொகையை விலைவாசிக்கேற்ப உயர்த்துவதை இங்கே விட்டிருக்கிறோம். பரம்பரைச் சொத்து பொதுவாகக் கணக்கில் வராது.) தொடக்க மதிப்பை எழுதத் தவறினால் பூச்சியம் என்றே கொள்வார்கள், மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

அக்ரூவலை நீக்கினால்தான் உண்மையான சமத்துவம், சொந்தக் காலில் நிற்பவளுக்குப் பங்கு எதற்கு என்று ஒரு சாரார் வாதிடுவார்கள். குழந்தை பிறந்து அவள் பத்து வருடம் வேலையை விட்டால் அந்த வாதம் நொறுங்கும். வீட்டிலிருப்பது அவள் விருப்பமாகவே இருக்கட்டும். சமைத்ததும் பிள்ளை வளர்த்ததும் எந்தக் கணக்கிலும் ஏறாது. அக்ரூவலை நீக்கி மணந்தவர்களும் மணவிலக்கில் பங்கு கேட்கலாம் என்று 2023இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வழி திறந்தது. ஆனால் அது நீதிபதி பார்த்துத் தருவது, வக்கீல் செலவோடு வருவது. இருவரும் சம்பாதிக்கும் வீட்டுக்குக்கூட எங்கள் பரிந்துரை அக்ரூவல்தான். மணமான பிறகு முறையை மாற்ற, இருவரும் சேர்ந்து தக்க காரணத்தோடு, கடன்காரர்களுக்கு அறிவித்து நீதிமன்றம் போக வேண்டும்.

குடும்பப் பெயர் இவ்வளவு சிக்கலில்லை. மனைவி தன் பெயரையே வைக்கலாம், கணவர் பெயரை ஏற்கலாம், இரண்டையும் இணைக்கலாம். மனைவி பெயரைக் கணவர் எடுக்கத் தடையாக இருந்த பிரிவு செல்லாது என்று 2025 செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்து, சட்டத்தைத் திருத்த 24 மாதம் கொடுத்தது. கேட்காமலேயே பதிவேட்டில் பெண்ணின் பெயர் மாறிப்போனதும் உண்டு. அதனால் சில வாரம் கழித்து ஹோம் அஃபேர்ஸில் உங்கள் பதிவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் டிக்கெட்டில் ஒரு பெயரும் புதுப் பாஸ்போர்ட்டில் வேறு பெயருமாகக் கிங் ஷாக்கா விமான நிலையத்தில் நிற்கும்போதுதான் தெரியவரும்.