பட்டி பார்க்கும் முன்: பழைய ஸ்பிரிண்ட் காரின் பூர்வீகம் தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் இண்டியானா, அயோவா பக்கம் ஏதாவது ஒரு பண்ணைக் கொட்டகையில், பழைய டிராக்டர் சாமான்களுக்கு நடுவே, ஒரு குட்டையான ரேஸ் கார் கிடக்கும். ஒரே ஒரு ஆள் உட்காரும் குழி, மேலே மூடாத நான்கு சக்கரம், கூம்பிய வால். எஞ்சின் இருக்காது. விற்பவர் சாவகாசமாகச் சொல்வார்: "இது ஏ.ஜே. ஃபாயிட் ஓட்டின வண்டி." அமெரிக்கப் பந்தய ஓட்டுநர்களில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று அது; வாங்குபவரின் கண் விரியும். தவறுகள் எல்லாம் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

நம் ஊரில் ஒரு மனை வாங்கப் போனால் தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா என்று கேட்போம். செகண்ட் ஹேண்ட் பைக்குக்குக்கூட ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரை வண்டியோடு ஒத்துப் பார்ப்போம். பழைய ஸ்பிரிண்ட் காரில் இந்த வசதி அநேகமாகக் கிடையாது. அரை மைல் மண் தடத்தில் இடது பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓடுவதற்காகப் பட்டறையில் பைப்பை வளைத்து வெல்டிங் வைத்துச் செய்த வண்டி அது. சாலைக்கு வராத வண்டிக்குப் பதிவு எண் எதற்கு? கைமாறும்போது ஒரு துண்டுச் சீட்டு எழுதினால் உண்டு. பல நேரம் அதுவும் இல்லை. காசைக் கொடுத்து டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த நிலையில் பெரிய பெயரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்குவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகளுக்கெல்லாம் தாய். ஃபாயிட் ஓட்டிய வண்டிகளின் பட்டியலை எடுத்து, அதில் எது நம் வண்டிபோல் இருக்கிறது என்று தேடினால் ஏதோ ஒன்று கட்டாயம் பொருந்தும். எல்லா ஸ்பிரிண்ட் காரும் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட சகோதரர்கள்தானே! போக வேண்டிய திசை எதிர்த்திசை. இன்று கையில் இருப்பவரிடமிருந்து அவருக்கு விற்றவர், அவருக்கு விற்றவர் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அங்கேயே நில்லுங்கள். அறுந்த இடத்தைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் நிற்கும் பிரபலத்தின் கையைப் பிடிக்காதீர்கள்.

சாட்சியைச் சுரண்டிப் போடாதீர்கள்

வண்டி வீட்டுக்கு வந்ததும் செய்யத் தோன்றுவது ஒன்றே ஒன்று: எல்லாவற்றையும் கழற்றி, சாண்ட் பிளாஸ்டிங் போட்டு, பட்டி பார்த்து, பளபளவென்று பெயின்ட் அடிப்பது. மற்ற தவறுகளைத் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது. காகிதம் இல்லாத வண்டிக்கு அதன் உடம்புதான் பத்திரம்.

வால்பகுதியிலோ பானெட்டின் ஓரத்திலோ ஒரு உள்ளங்கை அளவு இடத்தை எடுத்துக்கொண்டு, நைஸான வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். மேலே சிவப்பு, அதற்கடியில் வெள்ளை, அப்புறம் நீலம், கடைசியில் அலுமினியத்தை ஒட்டி ஒரு மங்கிய மஞ்சள் என்று மரத்தின் வளையங்கள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிறங்கள் தெரியும். அடியிலிருந்து எண்ணினால் அதுதான் வண்டி மாறிய நிறங்களின் வரிசை. எண் எழுதியிருந்த இடத்தில் சாய்வெளிச்சம் அடித்துப் பார்த்தால், மேலே நாலு கோட்டு பெயின்ட் இருந்தாலும் பழைய எண்ணின் விளிம்பு லேசாகப் புடைத்துத் தெரிவது உண்டு. ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரேமையும் அதே பொறுமையோடு பார்க்க வேண்டும். எஞ்சினைத் தாங்கும் கொக்கிகளை வெட்டி எடுத்து, அடிக்கட்டையை அரைத்து விட்டிருப்பார்கள். விரலால் தடவினால் தட்டுப்படும். நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கான கொக்கி ஓரிடத்தில், பின்னால் வந்த வி8-க்கான கொக்கி வேறிடத்தில் என்றால், இந்த வண்டிக்குக் குறைந்தது இரண்டு வாழ்க்கை. அடைத்த ஓட்டைகள், உள்ளே குழாய் செருகி ஒட்டுப்போட்ட இடங்கள், வெல்டிங்கின் கைவாகு எல்லாம் ஏதோ ஒன்றைச் சொல்கின்றன. ரோல் கேஜ் எனப்படும் கூண்டு இருந்தால், அது கூடவே பிறந்ததா, பிற்பாடு ஒட்டவைத்ததா என்று பாருங்கள். 1950-களில் செய்த வண்டியில் இருக்கும் முழுக் கூண்டு நிச்சயம் பிற்சேர்க்கை. மேலே, காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் இறக்கைக்கான பொருத்துகள் இருந்தாலும் அதே கணக்குதான். ஸ்பிரிண்ட் காரில் இறக்கையை முதலில் வைத்தவர் ஓஹையோவின் ஜிம் குஷ்மன், அதுவே 1958-இல்.

எண், நிறம், விளம்பரப் பெயர்

பானெட்டில் இருக்கும் எண்ணை வண்டியின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எண் பெரும்பாலும் குழுவுக்குச் சொந்தம், அல்லது அந்த வருஷத்துக்குச் சொந்தம். சாம்பியன் ஆனவருக்கு மறு வருஷம் 1 கிடைக்கும்; பட்டம் போனால் எண்ணும் போகும். முதலாளி பழைய வண்டியை விற்றுவிட்டு, புது வண்டிக்கு அதே நிறமும் அதே எண்ணும் போடுவார். இல்லினாய் மாநிலத்தின் ஹெக்டர் ஹானரே வைத்திருந்த கறுப்பு நிற 2-ஆம் எண்ணை "பிளாக் டியூஸ்" என்றால் அந்தக் காலத்து ரசிகர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். பாபி கிரிம் 1955 முதல் 1958 வரை, பீட் ஃபோல்ஸ் 1959 முதல் 1961 வரை அந்தக் குழுவுக்கு ஐ.எம்.சி.ஏ. என்ற பந்தய அமைப்பின் பட்டங்களை வாரிக் கொடுத்தார்கள். ஆக, "இது பிளாக் டியூஸ்" என்று ஒருவர் சொன்னால், கேட்க வேண்டிய கேள்வி: எந்த வருஷத்து பிளாக் டியூஸ்?

விளம்பரதாரர் பெயர் இன்னும் மோசம். "போவ்ஸ் சீல் ஃபாஸ்ட் ஸ்பெஷல்" என்ற விளம்பரப் பெயர் எழுதிய வண்டியில் லூயி ஷ்னைடர் 1931-இல் அமெரிக்காவின் பெரிய பந்தயமான இண்டியானாபொலிஸ் 500-ஐ வென்றார். அதே பெயர் எழுதிய வண்டியில் ஃபாயிட் 1961-இல் வென்றார். நடுவே 30 வருஷம். ஸ்பிரிண்ட் கார்களிலும் பெயர்கள் இப்படித்தான் வண்டி விட்டு வண்டி தாவும்.

"1960 சாம்பியன் கார்" என்று விற்பனை விளம்பரத்தில் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்த வருஷம் யூசாக் என்ற இன்னொரு பந்தய அமைப்பின் கிழக்குப் பிரிவில் ஃபாயிட் சாம்பியன், மிட்வெஸ்ட் பிரிவில் பார்னெல்லி ஜோன்ஸ் சாம்பியன், ஐ.எம்.சி.ஏ.வில் ஃபோல்ஸ் சாம்பியன். மூன்று பேரும் நிஜமான சாம்பியன்கள்தான். யூசாக் தன் பிரிவுகளை ஒரே தேசியப் பட்டமாக்கியது 1961-இல்.

எஞ்சின் எண்ணை வைத்துக் காரை அடையாளம் காண்பதும் இதே வகை ஏமாற்றம். பந்தயத்துக்கென்றே செய்த ஆஃபென்ஹவுசர் எஞ்சினில் எண் பொறித்திருக்கும். அதைப் பார்த்ததும் ஆதாரம் கிடைத்துவிட்டது என்று துள்ளுகிறார்கள். ஆனால் அந்த எஞ்சின் வண்டியைவிட விலை உயர்ந்த சொத்து. முதலாளி வண்டியை ஒருவருக்கும் எஞ்சினை இன்னொருவருக்கும் விற்பார். இல்லாவிட்டால் அதைக் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டிக்கொள்வார். 1955-இல் ஷெவ்ரொலே சிறிய வி8 எஞ்சினைக் கொண்டுவந்த பிறகு, மலிவாகக் கிடைத்த அதைப் பழைய ஃபிரேம்களில் திணித்தவர்கள் ஏராளம். எஞ்சின் எண் எஞ்சினின் கதையை மட்டும் சொல்லும்.

தேடும் சொல்லே தப்பு

1930-களின் செய்தித்தாள்களில் "ஸ்பிரிண்ட் கார்" என்று தேடினால் கைக்கு ஒன்றும் சிக்காது. அப்போது இவற்றின் பெயர் "பிக் கார்", அதாவது பெரிய கார். 1933 வாக்கில் மிட்ஜெட் என்ற குட்டிக் கார்கள் வந்ததும், அதிலிருந்து பிரித்துச் சொல்ல அந்தப் பெயர் இன்னும் ஊன்றியது. ஸ்பிரிண்ட் என்ற பெயர் பரவலாக நிலைத்தது 1950-களில்தான். ஊர்ப் பத்திரிகைகள் அதையும் எழுதாமல் "கண்காட்சித் திடலில் கார் பந்தயம்" என்று மட்டும் போட்டுவிடும். அதனால் தடத்தின் பெயர், ஊரின் பெயர், ஓட்டுநரின் பெயர் என்று மாற்றி மாற்றித் தேட வேண்டும்.

வண்டி எல்லாக் காலத்திலும் ஸ்பிரிண்ட் காராகவே இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கலிபோர்னியாவில் போருக்குப் பின், கூரையில்லாத பழைய சாலைக் கார்களை மாற்றிச் செய்த ரோட்ஸ்டர்களின் பந்தயத்துக்காக ஆரம்பித்த சி.ஆர்.ஏ. அமைப்பு, பின்னாளில் ஸ்பிரிண்ட் கார் அமைப்பாக மாறியது. ரோட்ஸ்டர்களும் சேர்ந்து உருமாறின. இன்று ஸ்பிரிண்ட் கார்களின் பெரிய பந்தயமான நேஷனல்ஸ், அயோவாவின் நாக்ஸ்வில்லில் 1961-இல் முதன்முதலாக நடந்தபோது ஓடியவை சூப்பர்மாடிஃபைட் என்ற வேறு வகைப் பந்தய வண்டிகள். ஒரே அமைப்பின் ஆவணங்களை மட்டும் புரட்டினால் பாதி ஆயுள் விட்டுப்போகும். குறிப்பாக 1955-56 எல்லையில் கவனம் தேவை: அதுவரை பெரிய பந்தயங்களை நடத்திவந்த ஏ.ஏ.ஏ. அமைப்பு 1955 பருவத்தோடு பந்தயத்திலிருந்து விலகியது, 1956 முதல் அந்த இடத்தில் யூசாக். ஒரே ஓட்டுநர், ஒரே வண்டி, ஆனால் வேறு அலமாரி, வேறு கோப்பு.

இன்னொரு எளிய சோதனை. 1942 ஜூலை முடிந்ததும் போர்க்கால உத்தரவால் அமெரிக்காவில் கார் பந்தயங்கள் நின்றன. 1945 ஆகஸ்டில் போர் ஓயும்வரை திரும்பவில்லை. "1943-இல் ஜெயித்த கார்" என்று யாராவது கதை சொன்னால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

அச்சில் வந்தால் உண்மையா?

பந்தய நாளில் விற்கும் நிகழ்ச்சி நிரல் புத்தகம் சேகரிப்பாளர்களுக்குப் பொக்கிஷம். ஆனால் அதில் உள்ள பட்டியல், வருவதாகச் சொன்னவர்களின் பட்டியல். சில நாள் முன்பே அச்சடித்தது. வராத வண்டிகளும், கடைசி நேரத்தில் மாறிய ஓட்டுநர்களும் அதில் இருப்பார்கள். மழையால் பந்தயமே நடக்காமல் போன நாளுக்கும் அழகான புத்தகம் கிடைக்கும். மறுநாள் செய்தித்தாளில் முடிவைப் பார்க்காமல் அதை ஆதாரமாக வைக்காதீர்கள். செய்தித்தாளிலோ வென்றவர் பெயரும் ஊரும் இருக்கும், வண்டி இருக்காது. இரண்டையும் ஒரு புகைப்படத்தோடு சேர்த்தால்தான் முழுதாகும். 1934 முதல் வந்த நேஷனல் ஸ்பீட் ஸ்போர்ட் நியூஸ் போன்ற பந்தய வார இதழ்கள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பும்.

ஐ.எம்.சி.ஏ.வின் ஆரம்ப தசாப்தங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். ஊர்த் திருவிழாக் கூட்டத்துக்குப் பரபரப்பு காட்டுவதற்காக முன்கூட்டியே பேசிவைத்த முடிவுகளும், "உலக சாதனை" அறிவிப்புகளும் அங்கே சகஜம். வண்டி அங்கே ஓடியது உண்மையாக இருக்கலாம், நேரக்கணக்கை அப்படியே நம்ப முடியாது.

ஓட்டுநர் பெயரும் வழுக்கும். ஏ.ஏ.ஏ. உரிமம் வைத்திருந்தவர்கள் அனுமதி இல்லாத தடங்களில் ஓடினால் தண்டனை உண்டு என்பதால் சிலர் புனைபெயரில் ஓடினார்கள். 1960-இல் இண்டியானாபொலிஸ் 500-ஐ வென்ற ஜிம் ராத்மனின் கதை இன்னும் ருசி: இளவயதில் பந்தயத்தில் சேர வயது போதாமல் அண்ணனின் அடையாள அட்டையைக் காட்டினார். நிஜத்தில் ரிச்சர்ட் தம்பி, ஜேம்ஸ் அண்ணன். தம்பி "ஜிம்" ஆகிவிட, அண்ணன் "டிக்" ஆக வேண்டியதாயிற்று. இருவரும் அந்தப் பெயர்களிலேயே புகழ்பெற்றார்கள்.

புகைப்படத்தில் ஒரு பொறி உண்டு. நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படத்தில் எண் கண்ணாடியில் தெரிவதுபோல் இருக்கும், கண்டுபிடித்துவிடலாம். எண் 8 அல்லது 11 என்றால்? அப்போது வண்டி வலப்பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் படம் இடவலம் மாறியதுதான். நிறத்தையும் எண்ணையும் ஒப்பிடுவதை விட்டுவிட்டு, மாற்றச் சோம்பல்படும் பாகங்களை ஒப்பிடுங்கள்: பானெட்டில் காற்றுக் கீற்றுகள் எத்தனை, ரிவெட் வரிசை எங்கே வளைகிறது, பின்டேங்கின் மூடி எந்தப் பக்கம், அச்சைப் பிடிக்கும் கம்பிகளின் கொக்கி ஃபிரேமில் எங்கே உட்கார்ந்திருக்கிறது. படத்தின் பின்னால் பேனாவில் எழுதியிருக்கும் வருஷத்தை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள்; 20 வருஷம் கழித்து யாரோ எழுதியதாக இருக்கும்.

பழைய மெக்கானிக்குகளையும், மறைந்த முதலாளிகளின் குடும்பத்தாரையும் பார்க்கப் போகும்போது நம் ஆசையை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். "இது ஃபாயிட் ஓட்டினதுதானே, ஐயா?" என்று கேட்டால், வந்த விருந்தாளியை ஏமாற்ற மனமில்லாமல் "ஆமாம், ஓட்டியிருப்பார்" என்பார். "இந்த வண்டி உங்கள் பட்டறைக்கு வந்தபோது எப்படி இருந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முன்பக்கம் நசுங்கி இருந்தது, வலது ஃபிரேம் பைப்பை நான்தான் மாற்றினேன் என்று அவர் சொல்வதைக் கொட்டகைக்குப் போய்ச் சரிபார்க்க முடியும். வீட்டுப் பெண்களிடம் பரணில் பெட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பரிசுப்பணச் சீட்டு, நுழைவுச் சீட்டு, கத்தரித்து ஒட்டிய செய்திகள் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சில நேரம் ஒரே காருக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடுவார்கள், இருவரும் பொய் சொல்லாமலேயே. விபத்துக்குப் பின் வளைந்த ஃபிரேமைத் தூக்கி ஓரம் போட்டுவிட்டுப் புது ஃபிரேமில் பழைய மேலுடம்பை மாட்டியிருப்பார்கள். ஓரம் போட்டதை வேறொருவர் நிமிர்த்தி ஓட்டியிருப்பார். என்னைக் கேட்டால் ஃபிரேம்தான் வண்டி. இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. யாரிடம் எது இருக்கிறது என்று எழுத்தில் பதிந்துவிட்டால் சண்டை பாதி அடங்கும்.

எல்லாம் தேடி முடித்த பிறகு எந்த வருஷத்துக் கோலத்தில் பெயின்ட் அடிப்பது என்ற கேள்வி வரும். பிரபலமான வருஷத்துக்குக் கை பரபரக்கும். புகைப்படமும் பெயின்ட் அடுக்கும் முதலாளி சொன்னதும் மூன்றும் ஒத்துப்போகிற வருஷம் எதுவோ, அது உள்ளூர்க்காரர் ஒருவர் ஏழாவதாக வந்த வருஷமாக இருந்தாலும், அதையே எடுங்கள். வாலின் அடிப்பக்கம் யார் கண்ணிலும் படாத இடத்தில் தேய்த்துப் பார்த்த அந்த உள்ளங்கை அளவு வளையங்களின் மேல் மட்டும் பெயின்ட் அடிக்காமல், கிளியர் லேக்கர் ஒரு கோட்டு அடித்து அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்து வாங்குபவர் குனிந்து பார்ப்பார்.