இக்கால உடையில் கோவலன் கூத்து: திறந்தவெளியில் பார்க்கச் செல்வோருக்கு

கோவலன் கூத்தை மணிமுடியும் சரிகை உடுப்பும் இல்லாமல், இன்று நாம் தெருவில் காணும் உடைகளிலேயே ஆடப்போகிறார்கள் என்ற அறிவித்தல் உங்கள் ஊர்ச் சந்தியில் ஒட்டப்பட்டிருந்தால், முதலிற் செய்யவேண்டியது கதையை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வதாகும். பழைய உடுப்பில் ஆடும்போது முடியைக் கண்டதும் அரசன் என்றும், கோலைக் கண்டதும் அரசனின் வரவை அறிவிக்கும் கட்டியகாரன் என்றும் கதை தெரியாதவரும் அறிந்துகொள்வர்; இக்கால உடையில் அந்த உதவி இல்லாமற் போவதால், கதையை முன்னரே அறிந்தவருக்கே அந்த உடை எதைச் சொல்கிறது என்பது விளங்கும்.

இதிலும் ஒரு கவனம் வேண்டும். பாடசாலையில் சிலப்பதிகாரம் படித்தவர்கள் அதே கதையைத்தான் கூத்தாடும் களரியில் காணப்போவதாக எண்ணிச் செல்வதுண்டு. முல்லைத்தீவுப் பகுதியில் முல்லை மோடி (அப்பகுதிக்குரிய ஆட்டப்பாணி) என வழங்கும் கோவலன் கூத்துக்கு அருகில் நிற்பது, கண்ணகி கோயில்களில் படிக்கப்படும் சிலம்பு கூறல், கண்ணகி வழக்குரை போன்றவற்றின் நாட்டார் மரபு ஆகும். அந்த மரபில் கண்ணகி, பாண்டியனின் அரண்மனையில் மாங்கனியிலிருந்து தோன்றி, பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்ட குழந்தை. ஆகவே சிலம்போடு அரசவையில் வந்து நிற்பவள், அவன் முன்னொருநாள் கைவிட்ட பிள்ளையே என்ற எண்ணம் வழக்காடும் காட்சிக்கு இன்னொரு கனத்தைக் கொடுக்கிறது. மதுரையை எரித்த பின் அவள் கடல் கடந்து வந்து நந்திக்கடலோரம் வற்றாப்பளையில் அமர்ந்தாள் என்பது வன்னியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த கதை. தெரியாதவர்கள் வீட்டு முதியவர் ஒருவரிடம் ஒரு மாலைப்பொழுது கேட்டால் போதும்.

பழைய நாடகத்தைப் புதிய உடையில் ஆடுவது உலக அரங்குக்குப் புதிதன்று. 1925 இல் இலண்டனில் சேக்ஸ்பியரின் ஹம்லெட்டை அக்காலத்து அன்றாட உடையில் மேடையேற்றினார்கள். 1937 இல் நியூயோர்க்கில் ஓர்சன் வெல்ஸ், யூலியஸ் சீசரை இத்தாலியச் சர்வாதிகாரத்தை நினைவூட்டும் சீருடைகளில் மேடையேற்றினார். இலங்கையில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்துகளை மீளத் தயாரித்தபோது, விடியவிடிய நீளும் ஆட்டத்தைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து, ஒருபக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். ஆனால் உடுப்பு கூத்தின் உடுப்பாகவே இருந்தது. இன்னொரு குழு நீளத்தையும் களரியையும் அப்படியே வைத்துக்கொண்டு உடுப்பை மட்டும் மாற்றக்கூடும். ஆகவே ஏற்பாட்டாளரிடம் இரண்டு விடயங்களை முன்கூட்டியே கேட்டு அறியுங்கள்: ஆட்டம் முழுமையானதா, சுருக்கமா, களரி வட்டமா, ஒருபக்கம் மட்டும் திறந்த மேடையா? உங்கள் பயணம், உறக்கம், இருக்கும் இடம், பிள்ளைகளைக் கூட்டிச் செல்வதா இல்லையா என்பனவெல்லாம் இந்த இரண்டு விடைகளையே பொறுத்தவை.

இரவு ஆட்டம் முடிந்து திரும்பும்போது பேருந்து கிடைக்கும் என்று நம்பிப் போகக்கூடாது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலும் மாங்குளம் – முல்லைத்தீவு வீதியிலும் உள்ளூர்ச் சேவைகள் மாலையோடு குறைந்துவிடும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டு வீதிகளில் யானை நிற்கக்கூடும் என்பதால், நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் தனியே திரும்புவதைவிட, அயலவர் சிலர் சேர்ந்து ஒரு வாகனத்தைப் பேசிக்கொள்வது, அல்லது ஆட்டம் முழு இரவானால் விடியும்வரை இருந்து வெளிச்சத்தில் புறப்படுவது நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலம் என்பதால் திறந்தவெளி ஆட்டங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகே நடக்கும். தையிலும் மாசியிலும் போவதானால் பனிக்குத் தலையை மூடிக்கொள்ள ஒரு சால்வையும், எந்த மாதமானாலும் பாய், தண்ணீர்ப் போத்தல், நுளம்புச்சுருள், ரோச் லைற் என்பனவும் கையில் இருக்கட்டும். பாம்புக்காகவே ரோச் லைற் முதன்மையானது. வயலோரத்துத் திடலில் பாயை விரிக்குமுன் நிலத்தைப் பார்த்து விரிக்கவேண்டும்.

எங்கே இருப்பது என்பதில் பெரும்பாலானோர் மேடைக்கு எவ்வளவு கிட்ட என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். திறந்தவெளியில் அதைவிடக் காற்றே முக்கியம். ஆனி, ஆடியில் வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருவதால், களரிக்கு வடகிழக்குப் புறமாக இருப்பவர்களுக்குப் பாட்டின் சொற்கள் தெளிவாக வரும். எதிர்ப்புறத்தில் இருப்பவர்களுக்கு மத்தளம் மட்டும் கேட்கும், சொல் பறந்துவிடும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் இதை மாற்றிக்கொள்ளுங்கள். மின்பிறப்பாக்கி வைத்திருக்கும் பக்கத்தையும், கண்ணுக்கு நேரே வெளிச்சம் அடிக்கும் இடத்தையும் தவிர்க்கவும். ஒலிபெருக்கி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பவர்கள் உண்டு. அதற்கு அடியில் ஓர் இரவு முழுவதும் இருந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் உடையைப் பார்க்குமுன் வரவுப்பாட்டைக் கேளுங்கள். கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் தான் யார் என்பதைப் பாடிக்கொண்டே வருகிறது. வெள்ளைச் சேட்டும் நீளக் காற்சட்டையும் அணிந்து வருபவர் பாண்டியனா பொற்கொல்லனா என்ற மயக்கம் அந்த முதல் அடியிலேயே தீர்ந்துவிடும். அதன் பின்னரே உடையைக் கவனிக்கவேண்டும். பாண்டியனுக்குச் சீருடை கொடுத்தார்களா, அரசியல்வாதியின் வேட்டியையா, அலுவலகக் கழுத்துப்பட்டியையா? பொற்கொல்லன் நகைக்கடை முதலாளியாக வருகிறானா, அடைவுக்கடைக்காரனாகவா? ஒவ்வொரு தெரிவும், குற்றத்தை யார்மேல் ஏற்றுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை சிலம்பு. இன்று எந்தப் பெண்ணும் சிலம்பை விற்பதற்கென்று கழற்றிக் கொடுப்பதில்லை; சங்கிலியையோ காப்பையோதான் கொடுப்பாள். ஆனால் பாட்டு, சிலம்பு என்றே சொல்லும்; வழக்கு தீர்வதும், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்தும் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் இருந்ததால்தான். சிலம்பை வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் மாற்றியிருக்கிறார்களா, அல்லது கையில் வேறொரு பொருளைக் கொடுத்துவிட்டுப் பாட்டைச் சிலம்பென்றே விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். முன்னது துணிவு, பின்னது பெரும்பாலும் யோசனைக் குறைவு. கறுப்புக் கண்ணாடியையும் கைத்தொலைபேசியையும் சிரிப்புக்காக மட்டும் நுழைக்கும் தயாரிப்புகளுக்கும் இதையே சொல்வேன்.

கனத்த உடுப்பு நீங்கியதால் கிடைக்கும் ஒரு நன்மையையும் தவறவிடாதீர்கள். சரிகையும் குஞ்சமும் இல்லாதபோது ஆட்டக்காரரின் காலடியும் முழங்காலும் தெளிவாகத் தெரியும்; தாளத்திலிருந்து விலகினால் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சப்பாத்துப் போட்டு ஆடினால் அந்த அடி மங்கிவிடும் என்பதே என் எண்ணம். சேட்டும் காற்சட்டையுமாயினும் வெறுங்காலில் சலங்கையோடு ஆடுவதே பொருந்தும். சந்தேகமானால் மத்தளத்துக்கு அருகில் நிற்கும், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் முகத்தைப் பாருங்கள், ஆட்டம் எங்கே பிசகியது என்பதை அது மறைக்காது.

கண்ணகி வரும் இடத்தில் பார்வையாளரின் நடத்தை பற்றித் தனியே சொல்லவேண்டும். வன்னியில் அவள் கதைத்தலைவி மட்டுமன்று, அம்மன். சாதாரண நூற்சேலையில் வந்தாலும் முதியவர்கள் சிலர் கைகூப்புவர். வேறு சிலர் அம்மனை இப்படிக் காட்டலாமா என்று முணுமுணுப்பர். இரண்டுக்கும் இடம்விட்டு அமைதியாக இருங்கள். கோயில் திடலானால் செருப்பைக் களரிக்கு எட்டத்தில் விடுவதும், மாமிசம் உண்ணாமல் போவதும் ஊர் வழக்கம்.

தலைவிரித்து, கையில் ஒற்றைச் சிலம்போடு நீதி கேட்கும் பெண்ணை இன்றைய உடையில் காணும்போது, கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் பலருக்கு நினைவில் வருவர். நாடகக்காரர்கள் அதை எண்ணிச் செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் அந்த நினைவு வரும். உங்கள் அருகில் பாயில் இருப்பவரே அப்படியொரு தாயாக இருக்கக்கூடும். ஆகவே அந்தக் காட்சியில் அழுபவர்களின் முகத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடிக்காதீர்கள். ஆட்டத்தைப் படம் பிடிப்பதானாலும் ஏற்பாட்டாளரின் அனுமதியோடு, வெளிச்சம் அடிக்காமல் பிடியுங்கள்.

சிறுபிள்ளைகளைக் கோவலன் கொலையுண்ணும் காட்சிக்கு முன் உறங்கவைத்துவிடலாம். தேநீரும் கச்சானும் திடலிலேயே கிடைக்கும்.

முடிந்த பின் உடனே எழுந்து போய்விடாமல், ஆட்டக்காரர் சலங்கை கழற்றும்வரை பொறுத்திருந்து, அண்ணாவியாரிடம் இரண்டு சொற் பேசுங்கள். நன்றாக இருந்தது என்பதைக் காட்டிலும், பாண்டியனுக்கு ஏன் அந்த உடை என்றோ, எந்தத் தருவை (கூத்துப் பாட்டை) விட்டீர்கள் என்றோ கேட்டால் அவர் மகிழ்ந்து விளக்குவார். விட்ட தருவைப் பாடியே காட்டினாலும் வியப்பில்லை. உங்களுக்குப் பிடிக்காதது இருந்தால் அதையும் அவரிடமே மரியாதையோடு சொல்லுங்கள், அடுத்த ஊரில் ஆடுமுன் திருத்துவதற்கு அவருக்கு இன்னும் நாள் இருக்கும்.