18 நிறையும் முன் வண்டிச் சாவி: வீட்டில் நடக்கும் தவறுகள்

பிளஸ் ஒன் சேர்ந்ததுமே டியூஷன் போய்வர ஒரு வண்டி என்பது வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் சகஜமாகிவிட்டது. "16 ஆயிடுச்சு, கியர் இல்லாத வண்டிதானே, ஓட்டலாம்" என்பார்கள். சட்டத்தில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கும் பேச்சு இது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆவது பிரிவுப்படி, பொது இடத்தில் வண்டி ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 16-இல் கிடைக்கும் சலுகை 50 சிசிக்கு மேற்படாத எஞ்சினுக்கு மட்டும்தான். அதற்கும் பெற்றோர் எழுத்துமூலம் சம்மதம் தர வேண்டும். மொபெட் என்றாலே 50 சிசி என்று நினைப்பதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது. டிவிஎஸ் எக்ஸ்எல் 100-இன் எஞ்சின் 99.7 சிசி. ஆக்டிவா 110 சிசியை ஒட்டி வரும். ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்று) கியூபிக் கெபாசிட்டி என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 50-ஐத் தாண்டினால் 16 வயதுப் பிள்ளைக்கு அந்த வண்டி கிடையாது. இன்று கடையில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் எல்லாமே தாண்டும். ஆக, நடைமுறையில் 18 வரை காத்திருக்க வேண்டியதுதான்.

பேட்டரி வண்டியிலும் இதே குழப்பம். மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, அரசு அங்கீகரித்த சோதனை நிலையத்தின் சான்று பெற்ற மாடலுக்கே லைசென்ஸ், பதிவு இரண்டும் வேண்டாம். வேகக் கட்டுப்பாட்டை யாராவது எடுத்துவிட்டால் அந்த விலக்கும் போய்விடும். நம்பர் பிளேட்டோடு வரும் பேட்டரி ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் கட்டாயம்.

பிடிபட்டால் ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்ற நினைப்புதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு, 18 வயதுக்குக் கீழே உள்ளவர் ஓட்டினால் பெற்றோரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாக எடுத்துக்கொள்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் இது துரத்தும். தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும். சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு "எனக்குத் தெரியாது" என்றால் எடுபடுவது கஷ்டம். வண்டி சித்தப்பா பெயரில் இருந்தால் அவர் தலையும் உருளும்.

விபத்து நடந்தால் இன்னொரு அடி. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டியின் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தராது. அடிபட்டவருக்குக் கொடுக்கும் நஷ்டஈட்டையும் உரிமையாளரிடம் வசூலிக்க வழி உண்டு.

"தெருவுக்குள்ளதான், கோட்டை மைதானத்துலதான்" என்ற சமாதானமும் செல்லாது. பொதுமக்கள் வந்துபோக உரிமை உள்ள எந்த இடமும் சட்டப்படி பொது இடமே.

18 நிறைந்து எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்த பிறகும் சிலர் கோட்டை விடுகிறார்கள். எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். அதுவரை பின்னால் உட்காரலாம் என்றால் லைசென்ஸ் வைத்துக் கற்றுக்கொடுப்பவர் மட்டுமே. நண்பனை ஏற்றக் கூடாது. முன்னும் பின்னும் 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாத வெள்ளை அட்டையில், 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாத சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும்.

டெஸ்டுக்கு ஸ்கூட்டரைக் கொண்டுபோய் எட்டு போட்டால் கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் வரும். அதை வைத்துக்கொண்டு ஸ்ப்ளெண்டர் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு. பைக் ஓட்டும் எண்ணம் இருந்தால் முதலிலேயே கியர் வண்டிக்கு விண்ணப்பித்து, அந்த வண்டியிலேயே பழகுங்கள். இன்சூரன்ஸ் காலாவதியான வண்டியோடு டெஸ்டுக்குப் போகாதீர்கள்.

18-இல் கார் லைசென்ஸ் வாங்கிய கையோடு சித்தூர் ரோட்டில் குட்டி யானை ஓட்டி லோடு அடிப்பவர்களும் இருக்கிறார்கள். வாடகை, சரக்கு வண்டிகளுக்கு வயது 20.

விண்ணப்பத்தில் கடைசியாக ஒன்று. 2019-இல் மாவட்டம் பிரிந்ததால் ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டம். ஆதாரில் இன்னும் 'வேலூர் மாவட்டம்' என்றே இருந்தால், இ-சேவை மையத்தில் பதியும்போது எந்த ஆர்டிஓ அலுவலகம் தேர்வாகிறது என்று திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகாவிட்டால் ஆதாரைத் திருத்திய பிறகே பணம் கட்டுங்கள்.