கப்பல் பயணத்தில் கிரிக்கெட் பார்ப்பது எப்படி? கிளம்பும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

2023 மே மாதக் கடைசி. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை தொடங்கிய சமயம். அப்பா திருச்சியிலிருந்து வந்திருந்தார். பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு ஜனவரியிலேயே பணம் கட்டியிருந்தோம். அப்போது ஐபிஎல் அட்டவணை வெளியாகவில்லை. வந்த பிறகு பார்த்தால் இறுதிப் போட்டி மே 28, ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவு நாங்கள் புக்கெட்டை விட்டுக் கிளம்பி நடுக்கடலில் இருப்போம்.

மே 23 அன்று சென்னை அணி குஜராத்தை வென்று இறுதிக்குப் போனதும் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தோனிக்கு இதுதான் கடைசி மேட்ச்னா, நாம கடல்ல உட்கார்ந்துக்கிட்டு என்னம்மா பண்றது?"

அந்தக் கேள்விக்காக நான் செய்தது, செய்யத் தவறியது எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். கிரிக்கெட்டை வைத்துச் சொன்னாலும் கால்பந்து, ஃபார்முலா ஒன் பார்ப்பவர்களுக்கும் இதே வழிதான்.

படி 1: மேட்ச் நேரத்தைக் கப்பல் நேரத்துக்கு மாற்றுங்கள்

இந்தியாவில் இரவு 7:30 என்றால் சிங்கப்பூரில் 10:00, தாய்லாந்தில் 9:00. ஆனால் கப்பலில் இந்த மூன்றும் கணக்கில்லை, கப்பல் நேரம் ஒன்றுதான் கணக்கு. எங்கள் கப்பல் புக்கெட்டிலும் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தது. கரையில் இறங்கியதும் அப்பாவின் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. அதை நம்பியிருந்தால் ஒரு மணி நேர ஆட்டம் போயிருக்கும். போனில் நேரம் தானாக மாறும் அமைப்பை அணைத்து வைத்துவிடுங்கள். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

படி 2: கப்பலில் என்ன காட்டுகிறார்கள் என்று கேளுங்கள்

கப்பலின் உச்சியில் பெரிய வெள்ளை உருண்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குள் இருப்பவை டிஷ் ஆன்டெனாக்கள். கப்பல் எப்படி ஆடினாலும் செயற்கைக்கோளைப் பார்த்தபடியே திரும்பிக்கொள்ளும். கேபின் டிவிக்கு நேரலைச் சேனல்கள் வருவது அந்த வழியில்தான். கப்பல் திரும்பும்போது புகைபோக்கியோ கம்பமோ குறுக்கே வந்தால் படம் கொஞ்ச நேரம் உறைந்து நிற்கும். அதற்குப் பதற வேண்டாம்.

வீட்டில் வரும் சேனல் கப்பலில் வராது, ஏனென்றால் கடலுக்கான ஒளிபரப்பு உரிமையே தனி. விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் என்றே 2012-இல் தொடங்கிய ஸ்போர்ட் 24 என்ற சேனல் இருக்கிறது. உங்கள் கப்பலில் அது உண்டா என்று கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். "ஸ்போர்ட்ஸ் சேனல் இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும், போய்ப் பார்த்தால் கூடைப்பந்து ஓடிக்கொண்டிருக்கும். எந்தப் போட்டி, எந்தத் தேதி, எத்தனை மணி என்று சொல்லிக் கேளுங்கள்.

ஏறிய அன்றே வரவேற்பு மேசையிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நான்கைந்து குடும்பங்கள் ஒரே மேட்ச்சைக் கேட்டால், பாரில் இருக்கும் ஒரு திரையையாவது திருப்பிவிட வாய்ப்பு உண்டு. எங்கள் கப்பலின் பட்டியலில் ஐபிஎல் இல்லை. அதனால் இணையம் ஒன்றே வழி என்று ஆனது.

படி 3: இணையப் பேக்கேஜ், முழுப் பயணத்துக்கும் சேர்த்து

கப்பல் இணையம் என்றாலே ஆமை வேகம் என்ற பெயர் பழைய செயற்கைக்கோள்களால் வந்தது. அவை பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுகின்றன, அதனால் தாமதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ராயல் கரீபியன் தன் கப்பல்கள் எல்லாவற்றிலும் ஸ்டார்லிங்க் பொருத்துவதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தது. மற்ற நிறுவனங்களும் அடுத்தடுத்து அந்தப் பக்கம் போயின. நீங்கள் போகும் கப்பலில் எந்த இணையம் என்று முன்பதிவுக்கு முன்பே பாருங்கள். மேட்ச் முக்கியம் என்றால் நீச்சல்குளத்தின் அளவைவிட இது முக்கியம்.

பேக்கேஜ் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, அதில் வீடியோ ஓடுமா? மலிவான பேக்கேஜ்களில் வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் மட்டும் ஓடும். இரண்டு, எத்தனை கருவிகள்? பல கப்பல்களில் ஒரு கருவிக்கான பேக்கேஜையே, ஒன்றில் வெளியேறி இன்னொன்றில் நுழைந்து மாற்றி மாற்றிப் பயன்படுத்த முடியும். மூன்று, எப்போது வாங்குகிறீர்கள்? ஏறுவதற்கு முன் இணையதளத்தில் வாங்கினால் பெரும்பாலும் விலை குறைவு.

பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நான் 24 மணி நேரப் பேக்கேஜ் ஒன்று மட்டும் வாங்கினேன். இறுதிப் போட்டி ஒரே நாள்தானே என்ற கணக்கு. ஞாயிறு இரவு 9 மணிக்கு அதைத் தொடங்கினேன். அகமதாபாத்தில் மழை கொட்டியது. டாஸ்கூடப் போடாமல் ஆட்டத்தை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். திங்கட்கிழமை ஆட்டம் கப்பல் நேரப்படி இரவு 10 மணிக்கு. என் பேக்கேஜ் 9 மணிக்கே தீர்ந்துவிட்டது. ஒரு மணி நேர வித்தியாசத்தில் இன்னொரு பேக்கேஜ், அதுவும் கப்பல் விலையில் வாங்க வேண்டியதாயிற்று. இறுதிப் போட்டிகளுக்கு மாற்று நாள் வைத்திருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள். முழுப் பயணத்துக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

படி 4: ஓடிபி. இந்தப் படியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

நாங்கள் சந்தா கட்டிப் பார்க்கும் செயலி வீட்டில் எப்போதும் திறந்தே இருக்கும். கப்பலில் வைஃபையை இணைத்துச் செயலியைத் தொட்டதும் "மீண்டும் உள்நுழையவும்" என்று வந்தது. போன் எண்ணைப் போட்டேன். ஓடிபியை குறுஞ்செய்தியில் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. கடலில் குறுஞ்செய்தி எப்படி வரும்? போன் ஃப்ளைட் மோடில் இருந்தது.

ஃப்ளைட் மோடை ஏன் எடுக்கப் பயந்தேன் என்றும் சொல்ல வேண்டும். கரையை விட்டு விலகியதும் கப்பலே தனியாக ஒரு செல்போன் நெட்வொர்க் நடத்தும். போன் அதைப் பிடித்துக்கொண்டு பின்னணியில் டேட்டா இழுக்க ஆரம்பித்தால், கட்டணம் சாதாரண ரோமிங்போல இருக்காது. ஊருக்குத் திரும்பியபின் பில்லைப் பார்த்து அதிர்ச்சியடைந்தவர்கள் நிறையப் பேர்.

கடைசியில் டேட்டா ரோமிங்கை முழுவதுமாக அணைத்தேன். அது அணைந்திருக்கிறதா என்று கணவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டேன். அப்புறம் ஃப்ளைட் மோடை எடுத்தேன். முதல் ஓடிபி இருபது நிமிடம் கழித்து வந்தது, அதற்குள் காலாவதி. இரண்டாவது வரவேயில்லை. மூன்றாவது உடனே வந்தது. மணி 9:50. அப்பா கட்டில் ஓரத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால் வீட்டிலேயே இவற்றைச் செய்துவிடுங்கள். கொண்டுபோகும் எல்லாக் கருவியிலும் செயலியைத் திறந்து உள்நுழைந்து, ஏதாவது ஒரு நேரலையை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். மின்னஞ்சல், கடவுச்சொல் கொண்டு நுழைய வழி இருந்தால் அதற்கு மாறுங்கள், ஏனென்றால் மின்னஞ்சல் கப்பல் வைஃபையிலேயே வந்துவிடும். கிளம்பும் முன் செயலியைப் புதுப்பித்துவிட்டு, தானாகப் புதுப்பித்துக்கொள்வதை அணைத்துவிடுங்கள். மறந்தும் வெளியேறு பொத்தானைத் தொடாதீர்கள். கப்பலில் மேட்ச் தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே ஒருமுறை திறந்து பாருங்கள்.

இன்னொரு சிக்கல், "உங்கள் பகுதியில் இந்த நிகழ்ச்சி இல்லை" என்ற செய்தி. கப்பலின் இணையம் எந்த நாட்டில் தரையிறங்குகிறதோ அந்த நாட்டில் நீங்கள் இருப்பதாகத்தான் செயலி நினைக்கும். எங்களுக்கு நல்லவேளையாக ஓடியது. விபிஎன் (வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டும் செயலி) போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். நான் அதை நம்பி ஏற மாட்டேன். பல கப்பல்கள் அதைத் தடுக்கின்றன, செயலிகளும் கண்டுபிடித்து நிறுத்திவிடுகின்றன, சந்தா விதிகளுக்கும் அது ஒத்துவராது. அதைவிட இரண்டாவது சந்தா ஒன்றைக் கையில் வைத்திருப்பது மேல்.

படி 5: எதில் பார்ப்பது, எங்கே உட்காருவது

எச்டிஎம்ஐ வயர் கொண்டுபோய்க் கேபின் டிவியில் மாட்டலாம் என்று பலர் எழுதுகிறார்கள். பல கப்பல்களில் அந்தத் துளையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், ரிமோட்டில் மாற்றும் பொத்தானே இருக்காது. பத்து அங்குல டேப்லெட்தான் என் தேர்வு. கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்பு, காந்தம் ஒட்டும். இரண்டு காந்தக் கொக்கிகள் வாங்கிக்கொண்டு போங்கள். டேப்லெட் உறையை அதில் மாட்டினால் கண் உயரத்தில் திரை தயார்.

அதே இரும்புச் சுவர் வைஃபைக்கு எதிரி. சிக்னல் வருவது நடைபாதைப் பக்கத்திலிருந்து. கடலைப் பார்த்துக்கொண்டே மேட்ச் பார்க்கலாம் என்று பால்கனியில் உட்கார்ந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கதவோரம் நாற்காலி போடுங்கள். படத்தின் தரத்தைத் தானியங்கியில் விடாமல் 480-க்கு நீங்களே குறைத்து வையுங்கள். பந்து கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் ஆட்டம் நிற்காது.

ரௌட்டர், மின் நீட்டிப்பு வயர் போன்றவை பல கப்பல்களின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

படி 6: கரையோர சிக்னல்

சிங்கப்பூர்ப் பக்கத்துப் பயணங்களுக்கு இது வரப்பிரசாதம். மலாக்கா நீரிணையின் தென்பகுதி குறுகலானது. மேல் தளத்தில் நின்றால் மலேசிய நெட்வொர்க் அவ்வப்போது கிடைக்கும். மே 26, முதல் நாள் இரவு, இறுதிக்குப் போகக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பில் மும்பைக்கு எதிராகக் குஜராத்தின் ஷுப்மன் கில் 129 ரன் அடித்ததை அப்படித்தான் விட்டு விட்டுப் பார்த்தோம். மலேசியா, இந்தோனேசியா ரோமிங் சேர்ந்த திட்டம் இருந்தால், போனில் நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல் நீங்களே கரை நெட்வொர்க்கின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தவறிக் கப்பல் நெட்வொர்க்கைத் தொட்டுவிடாதீர்கள்.

எதுவுமே ஓடாவிட்டால் வாட்ஸ்அப் இருக்கிறது. திங்கட்கிழமை இறுதிப் போட்டியின்போது திருச்சியில் இருக்கும் என் தம்பி ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு குரல் செய்தி அனுப்பினான். "அக்கா, அப்பாகிட்ட சொல்லு, நம்ம ஊர்ப் பையன் பொளந்து கட்டுறான்" என்று அவன் சொன்னது குஜராத்துக்காக ஆடிய சென்னைப் பையன் சாய் சுதர்சனை. 47 பந்தில் 96. குஜராத் 214.

சென்னை மூன்று பந்துகள் ஆடியதும் மறுபடி மழை. ஆட்டம் மீண்டும் தொடங்கியது இந்திய நேரம் 12:10-க்கு, எங்களுக்கு அதிகாலை 2:40. பார் மூடிவிட்டார்கள். பிள்ளைகள் தூக்கம். 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறியது. அப்பாவுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது என்று ஒரே ஹெட்ஃபோனைப் பகிர்ந்துகொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தோம். டேப்லெட்டில் 14 சதவீதம் சார்ஜ்.

சார்ஜர் எங்கே போயிற்று? கடைசி இரவு பெட்டிகளைக் கேபின் வாசலில் வைத்துவிட வேண்டும், ஊழியர்கள் எடுத்துப் போய்விடுவார்கள். 11 மணிக்கு வைத்த பெட்டிக்குள் சார்ஜரும் போய்விட்டது. திரை வெளிச்சத்தைக் கடைசிவரை குறைத்துத்தான் பார்த்தோம். கடைசி இரவு மேட்ச் இருந்தால் சார்ஜரையும் ஹெட்ஃபோனையும் கைப்பையில் வையுங்கள்.

கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மா வீச, ஜடேஜா நேராக ஒரு சிக்ஸர். நேரலை கொஞ்சம் பின்தங்கி வருவதால் தம்பியின் செய்தி அதற்குள் வந்து போனில் மினுக்கியது. நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த பந்து காலோரம் தட்டி நான்கு. அப்பா சத்தம் போடாமல் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். தோனி ஜடேஜாவைத் தூக்கிக்கொண்டதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மணி 4 தாண்டியிருந்தது.

பின்சேர்ப்பு 1: முதல் பின்னூட்டமே தம்பி செய்தியைப் பற்றித்தான். மேட்ச் நேரத்தில் வாட்ஸ்அப் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் விக்கெட் விழுவது முன்பே தெரிந்துவிடும். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

பின்சேர்ப்பு 2: ஓடிபி வரும் எண் மனைவியுடையது, அவர் கப்பலுக்கு வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். வீட்டில் இருப்பவர் ஓடிபியை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே போதும். இது என் வழியைவிட எளிது. அடுத்த பயணத்துக்கு என் சந்தாவைத் தம்பியின் எண்ணுக்கு மாற்றிவிட்டேன்.

பின்சேர்ப்பு 3: 2025 மார்ச் 9, சாம்பியன்ஸ் டிராபி இறுதியன்று கப்பலில் இருந்த ஒரு வாசகி, பகலிலேயே தொடங்கும் ஆட்டம் என்பதால் வேறு சிக்கல் வந்ததாகச் சொன்னார். சிங்கப்பூர் நேரம் மாலை 5-க்குத் தொடக்கம். ஆட்டத்தின் நடுவில் அவருக்கு ஒதுக்கிய இரவு உணவு நேரம் வந்துவிட்டது. உணவு நேரத்தை ஏறிய முதல் நாளே மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். இரண்டாம் நாள் கேட்டால் இடம் இருக்காது.