மலை நடைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கோடுகளை எண்ணுங்கள்

பிரிட்டனில் 14 முதல் 18 வயதுள்ள எக்ஸ்ப்ளோரர் சாரணர்கள் பலர், எடின்பரோ கோமகன் விருது என்ற இளைஞர் விருதுக்காகக் கூடாரம், சாப்பாடு எல்லாம் முதுகில் சுமந்து மலைப்பக்கம் நடக்கப் போவார்கள்; விருதின் வெண்கல நிலைக்கு 2 நாள், தங்க நிலைக்கு 4 நாள். பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் நேரக் கணக்கில்தான், தூரத்தை அளந்துவிட்டு ஏற்றத்தை மறந்துவிடுவார்கள், அப்புறம் இருட்டில் கூடாரம் அடிக்க வேண்டியதுதான்.

1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றைக்கும் கைகொடுக்கிறது. இப்போதைய அளவில் மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் 1 நிமிடம். சுமையோடு போகிறவர்களுக்கு 5 அதிகம், 4 என்றே வையுங்கள். பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:50,000 வரைபடத்தில் உயரக்கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) 10 மீட்டர் உயரத்துக்கு ஒன்று, ஆகவே ஏறும்போது தாண்டுகிற ஒரு கோட்டுக்கு ஒரு நிமிடம், எண்ணினால் போதும். 12 கிலோமீட்டர், 40 கோடு என்றால் 3 மணி 40 நிமிடம். சாப்பிடவும், ஷூவைக் கழற்றிக் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டவும் இன்னும் ஒரு மணி நேரம் சேருங்கள். இறக்கம்தானே என்று செங்குத்துச் சரிவில் நேரத்தைக் குறைக்காதீர்கள், களைத்த முழங்கால் அங்கேதான் தடுமாறும்.