சில்வராடோவின் நாலு சில்லு மொடியூலை மாற்றுவது எப்படி

2003 முதல் 2006 வரை வந்த செவ்ரோலே சில்வராடோ 1500 வைத்திருப்பவர்களுக்கு இது உதவும். நாலு சில்லு மொடியூல் என்பது, பொத்தானை அமர்த்தியதும் நாலு சில்லையும் இழுக்க வைக்கும் மோட்டரை இயக்கும் சின்னக் கணினிப் பெட்டி. என்னுடையது 2004ஆம் ஆண்டு வண்டி. கோடையில் கட்டட வேலைச் சாமான் ஏற்றுகிறேன். பனிக்காலத்தில் முன்னால் பிளேட் பூட்டி ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வீடாக ஸ்நோ தள்ளுகிறேன். அந்த வேலைக்கு நாலு சில்லும் இழுக்காவிட்டால் வண்டி இருந்தும் பயனில்லை.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள். டாஷ்போட்டில் ஆட்டோ உட்பட நாலு பொத்தான் இருந்தால் அது என்பி8. ஆட்டோ இல்லாமல் மூன்று பொத்தான் என்றால் என்பி1. தரையில் லீவர் இருந்தால் என்பி2; கியரை மாற்றுவது உங்கள் கைதான் என்பதால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் பொருந்தாது. குளோவ் பொக்ஸ் பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கரில் இந்தக் குறியீடுகள் எல்லாம் இருக்கும். அங்கேயே ஆக்சில் விகிதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஜியு6 என்றால் 3.42, ஜிடி4 என்றால் 3.73, ஜிடி5 என்றால் 4.10. மொடியூல் வாங்கப் போகும்போது இது தேவைப்படும்.

'சர்வீஸ் 4டபிள்யூடி' என்று மெசேஜ் வந்ததும் பலரும் மொடியூல் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கராஜ்களிலும் இதுதான் நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பிக்கு ஒரு கராஜில் வண்டியின் அடியில் குனிந்துகூடப் பார்க்காமல் மொடியூலுக்கு விலை எழுதிக் கொடுத்தார்கள். உண்மையில் அந்த மெசேஜுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: சுவிட்ச், மொடியூல், வயர், கீழே இருக்கும் மோட்டர் என்ற இந்த வரிசையில் எங்கோ ஒரு பிழையை மொடியூல் கண்டிருக்கிறது. பிழையைச் சொல்கிற அளவுக்கு மொடியூல் உயிரோடு இருக்கிறது என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம். என் கணக்கில் மொடியூல் கடைசிச் சந்தேக நபர்.

ஆகவே ஒழுங்காகத் தேடுவோம். பற்றரி பலமாக இருக்கிறதா? நாலு ரயரும் ஒரே அளவா? பிறகு பியூஸ். எஞ்சின் பக்கப் பெட்டியில் டிஆர்இசி என்று எழுதிய பியூஸ் இந்த மொடியூலுக்கு உரியது. கண்ணால் பார்த்து விட்டுவிடாமல் கழற்றி மீற்றரில் பாருங்கள்.

அடுத்தது பொத்தான்கள். திறப்பைப் போட்டதும் பொத்தான் லைற்றுகள் ஒருமுறை எரிந்து காட்ட வேண்டும். எதுவுமே எரியாவிட்டால் பியூஸ், சுவிட்ச், மொடியூல் மூன்றில் ஒன்று. இந்த வண்டிகளில் சுவிட்ச் பழுதாவது சாதாரண விசயம். அதன் விலை மொடியூலோடு ஒப்பிட்டால் அற்பம். பிழைக் குறியீடு பி2725 (B2725) வந்தாலும் சுவிட்ச் பக்கம்தான் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்: 4லோ (நாலு சில்லும் மெதுவாக, பலமாக இழுக்கும் நிலை) பொத்தானை அமர்த்தியதும் லைற் அரை நிமிடம் மின்னிவிட்டு ஒன்றும் நடக்காமல் போனால், வண்டி வேகமாகப் போயிருக்கும், அல்லது கியர் நியூட்ரலில் இருந்திருக்காது. மணிக்கு 5 கிலோமீற்றருக்குக் கீழே, நியூட்ரலில் இருந்தால்தான் அது விழும்.

பிழைக் குறியீட்டை வாசிக்க, கடையில் வாங்கும் மலிவு ரீடர் போதாது. அது எஞ்சின் சம்பந்தமான பி (P) வரிசையை மட்டும் வாசிக்கும். நமக்கு வேண்டியது சேசிஸ் பக்கத்து சி வரிசை. அதை வாசிக்கும் ஸ்கேனரை இரவல் வாங்குங்கள், அல்லது வாசித்துத் தரச் சொல்லிக் காசு கொடுங்கள். சி0327 வந்தால் என்கோடர் சுற்று. டிரான்ஸ்பர் கேஸில், அதாவது எஞ்சின் சக்தியை முன், பின் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர்ப் பெட்டியில், பூட்டியிருக்கும் மோட்டரோடு சேர்ந்த சென்சர் அது. எந்த நிலையில் நிற்கிறேன் என்று மொடியூலுக்குச் சொல்வது அதன் வேலை. சி0308, சி0309, சி0310 என்றால் அந்த மோட்டருக்குப் போகும் வயர் அல்லது மோட்டர். சி0550 வந்தால்தான் மொடியூல் தன் உள்ளேயே கோளாறு என்று சொல்கிறது.

ரொறன்ரோ வண்டி என்றால் எந்தக் குறியீடு வந்தாலும் சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு (ஏன் என்று கீழே எச்சரிக்கையில் சொல்கிறேன்) ஒருக்கா அடியில் படுத்துப் பாருங்கள். ரோட்டுக்குப் போடும் உப்பு என்கோடர் மோட்டரின் கொனெக்ரருக்குள் போய்ப் பின்களைப் பச்சையாக்கிவிடும். ஃபிரேமில் பூட்டிய கிரவுண்ட் வயர்களைக் கறல் தின்றிருக்கும். கழற்றி, சுரண்டித் துப்புரவாக்கி, டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசிப் பூட்டுங்கள். அந்த வேலையோடு பிரச்சினை தீர்ந்த வண்டிகள் நிறைய. கீழே போனது போனீர்கள், டிரான்ஸ்பர் கேஸின் பின்பக்கத்தில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த வகைக் கேஸ்களில் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பம்ப் மெக்னீசிய உறையில் உரசி உரசி ஓட்டை போடும். அது மொடியூலைவிடப் பெரிய செலவு.

ஸ்கேனரால் மொடியூலோடு பேசவே முடியவில்லை என்றாலும் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள். மொடியூலின் கொனெக்ரரில் திறப்பைப் போட்ட நிலையில் 12 வோல்ட் வருகிறதா, கிரவுண்ட் சரியா என்று டெஸ்ட் லைற்றால் பாருங்கள். மீற்றரைவிட டெஸ்ட் லைற் இங்கே நல்லது, ஏனென்றால் அது கொஞ்சம் கரண்ட் இழுக்கும். இற்றுப்போன வயர் அதில் அகப்பட்டுவிடும். கரண்டும் கிரவுண்டும் வந்தும் மொடியூல் பேசவில்லை, அல்லது சி0550 அழித்தாலும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சரி, மாற்றத்தான் வேண்டும்.

வாங்கும்போது இரண்டு வழி. புதிது வாங்கினால் அதற்குள் உங்கள் வண்டிக்கான புரோகிராம் இருக்காது. டீலரிடமோ, டெக் 2 கருவி வைத்திருக்கும் கராஜிலோ ஏற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். பழைய சாமான் யாட்டில் எடுத்தால் பார்ட் நம்பர், ஆண்டு, டிரான்ஸ்பர் கேஸ் வகை, ஆக்சில் விகிதம் நாலும் பொருந்த வேண்டும். 2003க்கு முந்தின மொடியூல் வேறு. அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நான் யாட் பக்கம்தான் சாய்வேன், ஆனால் திருப்பிக் கொடுக்கலாம் என்று ரசீதில் எழுதித் தந்தால் மட்டும்.

இனிக் கழற்றுவது. அதற்கு முன் ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். மாறுகிற நடுவில் மொடியூல் செத்திருந்தால் டிரான்ஸ்பர் கேஸ் நியூட்ரலில் நிற்கக்கூடும். அப்போது கியரை பார்க்கில் போட்டிருந்தாலும் வண்டி உருளும். சமதரையில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிறகே கீழே படுங்கள்.

திறப்பை எடுத்துவிட்டு, 8 மில்லிமீற்றர் சொக்கெற்றால் பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். எயார்பேக் அடங்குவதற்காகச் சில நிமிடம் பொறுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் பலகையை 7 மில்லிமீற்றர் ஆணிகள் பிடித்திருக்கும். ஆணிகளை எடுத்ததும் மேல் விளிம்பைப் பதமாக இழுத்தால் கிளிப்புகள் விடும். பின்னால் வயரோ கேபிளோ தொடுத்திருந்தால் அதை விடுவித்த பிறகே பலகையை எடுங்கள். மஞ்சள் நிறக் கொனெக்ரர் எதையும் தொட வேண்டாம். அது எயார்பேக்குக்கு உரியது.

மொடியூல் ஒரு சிறிய கறுப்புப் பெட்டி, ஸ்டியரிங் கொலத்துக்கு இடப்பக்கம் இருக்கும். கண்ணால் ஊகிக்காமல் அதன் லேபிளில் உள்ள நம்பரை வாங்கி வந்ததோடு ஒப்பிடுங்கள். பக்கத்தில் வேறு பெட்டிகளும் உண்டு. கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வண்டியின் இரும்பு ஒன்றைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னை இறக்கிவிட்டு, கொனெக்ரர்களின் பூட்டை அமர்த்தி ஒவ்வொன்றாக எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கடுங்குளிரில் பிளாஸ்டிக் பூட்டுகள் படக்கென்று உடையும், அதனால் வண்டிக்குள் ஹீற்றரை ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகே இந்த வேலையைத் தொடங்குவேன். பின்களில் வளைவோ பச்சையோ இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். புதியதைப் பழைய இடத்தில் வைத்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை கொனெக்ரர்களை அமர்த்துங்கள். பலகையை உடனே பூட்ட வேண்டாம்.

பற்றரியைத் தொடுத்துத் திறப்பைப் போடுங்கள். லைற்றுகள் எரிந்து அணைந்து 2ஹையில் (பின் சில்லுகள் மட்டும் இழுக்கும் நிலை) நிற்க வேண்டும். புரோகிராம் வேலை இருந்தால் இந்த இடத்தில் முடித்து, பழைய பிழைக் குறியீடுகளை அழியுங்கள். எஞ்சினை ஓடவிட்டு 4ஹை (நாலு சில்லும் இழுக்கும் சாதாரண நிலை) அமர்த்துங்கள்: அடியில் மோட்டர் சுழலும் சத்தம் கேட்கும், லைற் மின்னிப் பிறகு நிலையாக எரியும். ஓட்டிப் பார்ப்பதை ஸ்நோவிலோ புல்லிலோ செய்யுங்கள். உலர்ந்த தார் ரோட்டில் 4ஹை போட்டுத் திருப்பினால் முன் பக்கம் முறுகும்.

லைற் சரியாக எரிந்தும் முன் சில்லுகள் இழுக்கவில்லையா? அப்படியானால் முன் டிஃபரென்ஷலில் உள்ள ஆக்சுவேற்றரை, அதாவது முன் ஆக்சிலைப் பிடிக்க வைக்கும் பாகத்தை, பாருங்கள். டிரான்ஸ்பர் கேஸ் தன் வேலையைச் செய்திருக்கும், ஆக்சில்தான் பிடித்திருக்காது. சி0327 திரும்ப வந்தாலும் மொடியூலைக் குறை சொல்ல வேண்டாம். பழைய மொடியூலையே திரும்பப் பூட்டி யாட்டில் காசை வாங்கிக்கொண்டு, அந்தக் காசில் என்கோடர் சென்சரை வாங்குங்கள்.